ஒரகடத்து வண்டியும் கல்கத்தா வீதியும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. அன்று முதல் சிறிய மோட்டார் வண்டிகளின் மீது விதித்திருந்த சரக்கு சேவை வரி 18 சதவிகிதமாக இறங்கிற்று. அன்றிரவே கல்கத்தாவில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலைக்குள் அலிப்பூரில் 250 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து தீர்த்தது. கரியா வட்டாரத்தில் 330-ஐயும் தாண்டிற்று. துர்க்கா பூஜைக்கு நாலைந்து நாட்களே இருந்த வேளையில் நகரம் நீரில் நின்றது. மின்சாரம் தாக்கியும் பிறவாறும் பலர் மாண்டனர். வரி குறைந்த செய்தியைப் படித்துவிட்டு வண்டி வாங்கப் புறப்பட்டவர்களும், நீரில் நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றவர்களும் அந்த ஒரே வாரத்தில் நம் சங்கத்து மண்டபத்தில் சந்தித்துக்கொண்டனர்.

அது முதற்கொண்டு அன்பர் பலர் ‘காம்பாக்ட் எஸ்.யு.வி.’ என வழங்கும் சிறுவகை உயர்வண்டியைப் பற்றி நம்மிடம் கேட்ட வண்ணமாய் இருக்கின்றனர். ரயில்வே குமாஸ்தாவிடம் மோட்டாரின் குணதோஷங்களைக் கேட்பது, நெய்க்கடைக்காரரிடம் எண்ணெயின் பெருமையைக் கேட்பது போன்றதே. ஆயினும் நம்மவர் இல்லங்களில் வண்டி என்பது விளையாட்டுப் பொருள் அன்று. பிராவிடண்டு பண்டில் ஒரு பகுதியும், ஐந்தாண்டு ஏழாண்டுத் தவணையும், இல்லத்தரசியின் சேமிப்பும் ஒருங்கே போய்ச் சேருமிடம் அது. ஆகவே நாம் ஓட்டிப் பார்த்ததையும் கேட்டு ஆராய்ந்ததையும் இங்கே எழுதத் துணிந்தோம்.

எடுத்துக்கொண்ட வண்டி நிஸ்ஸான் மேக்னைட். நம் மைத்துனர் ஒருவர் டர்போ எஞ்சின் உடையதொன்றை வாங்கி வைத்திருக்கிறார். சாதாரண எஞ்சின் உடையதை ஒரு விற்பனை நிலையத்தில் இருமுறை சோதனைக்குப் பெற்று ஓட்டினோம். இதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் பாசம் என்பதை மறைப்பானேன்? இது காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் உருவாகும் வண்டி. 2010-இல் திறந்த அந்தத் தொழிற்சாலையினின்று 2020 டிசம்பரில் மேக்னைட் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 2024 அக்டோபரில் புதுக்கோலம் பூண்டது. இதனோடு உடன்பிறந்ததாகச் சொல்லத்தக்க ரெனால்ட் கைகரும் அதே தொழிற்சாலையின் பிள்ளைதான்.

ஒரகடம் பக்கத்து வண்டிகளை வாலாஜாபாத் நிலையத்தில் ரயிலேற்றுவதுண்டு. பிரயாணிகளைச் சுமந்து வயதான பழைய ரயில் பெட்டிகளை, ஜன்னலை அடைத்து, ஆசனங்களைக் கழற்றி, இரு முனையிலும் கதவு வைத்து மோட்டார் ஏற்றும் பெட்டிகளாக மாற்றியிருக்கின்றனர். ஒரு முனையில் நுழைந்த வண்டி பெட்டிக்குப் பெட்டி ஊர்ந்துபோய் வரிசையாக நின்றுகொள்ளும். ஒரு காலத்தில் நம் பெற்றோர் உட்கார்ந்து ஹௌராவுக்கு வந்த பெட்டியில் இன்று மோட்டார் வண்டி உட்கார்ந்து வரலாம் என நினைக்கையில் நமக்கு ஒரு சந்தோஷம். இது தொழில் அபிமானம், வாசகர் மன்னிப்பாராக.

இனி வண்டிக்கு வருவோம். மேக்னைட்டின் நீளம் 3,994 மில்லிமீட்டர். நாலு மீட்டருக்கு ஆறே மில்லிமீட்டர் குறைவு. இஃது அழகு கருதி அமைந்ததன்று. வரி கருதி அமைந்தது. 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அவர்கள் சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24-லிருந்து 16 சதவிகிதமாகக் குறைத்தார். சிறிய கார் எது என்பதற்கு நீளம் நாலு மீட்டருக்கு மேற்படலாகாது, பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்கும் மேற்படலாகாது என்று இலக்கணம் வகுக்கப்பட்டது. அன்று தொட்டு நம் நாட்டு வண்டி செய்வோர் யாவரும் அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே படம் வரைகின்றனர். பல வண்டிகளுக்குப் பின்புறம் வெட்டினாற்போல் முடிவதன் இரகசியம் இதுவே.

எஞ்சின் அளவும் சேர்ந்தே கணக்கு என்பதை வாங்குவோர் பலர் மறந்துவிடுகின்றனர். மாருதி பிரெஸ்ஸாவும் நாலு மீட்டருக்குள் அடங்கிய வண்டிதான். ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் 1,462 சி.சி. ஆதலால் அது சிறிய வண்டிக்குரிய 18 சதவிகிதத்தில் சேராது 40 சதவிகிதத்தில் போய் விழுகிறது. மேக்னைட்டின் இருவகை எஞ்சினும் 999 சி.சி. மட்டுமே. முன்னர் வரியும் மேல்வரியுமாக 29 சதவிகிதம் இருந்தது 18 ஆனதால், கடை விலையில் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ எட்டரை ரூபாய் குறையவேண்டும். விற்பனையாளர் சொல்லும் ‘விசேஷத் தள்ளுபடி’யில் எவ்வளவு அரசாங்கம் விட்டுக்கொடுத்தது, எவ்வளவு அவர் விட்டுக்கொடுத்தது என்று பென்சில் எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

எஸ்.யு.வி. என்ற பெயரைக் கேட்டதும் மலையேறும், காடு கடக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். மேக்னைட்டில் முன்சக்கரம் இரண்டே இழுக்கும். பின்சக்கரங்கள் உடன் உருள்வன மட்டுமே. சேற்றில் சிக்கினால் எந்தச் சிறு காரும் படும் பாட்டை இதுவும் படும். இவ்வகையில் நமக்கு மெய்யான பயன் இரண்டு. ஒன்று, ஆசனம் உயர்ந்திருப்பதால் முதியோர் குனிந்து விழுந்து ஏறவேண்டுவதில்லை. முழங்கால் வலி உள்ள தாயார் புடவைக் கொசுவம் தடுக்காமல் பக்கவாட்டில் அமர்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். மற்றொன்று, அடிவயிறு தரையினின்று 205 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பது. வேகத்தடையும் பள்ளமும் ட்ராம் தண்டவாளத்தின் ஓரமும் வயிற்றில் இடிப்பதில்லை.

இந்த 205 மில்லிமீட்டரைத்தான் நம்மவர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். நம் அலுவலகத்து நண்பர் ஒருவர், மேக்னைட் அன்று, வேறொரு கம்பெனியின் உயர்வண்டி வைத்திருந்தார். அந்தச் செப்டம்பர் வெள்ளத்தில் உயரத்தை நம்பி நீரில் இறங்கினார். எதிரே வந்த பஸ் எழுப்பிய அலை பானெட்டின் மேல் ஏறிற்று, வண்டி நின்றுவிட்டது. அவர் செய்த பெரும்பிழை நீரில் இறங்கியதன்று. நின்ற எஞ்சினை நாலைந்து முறை மீண்டும் முடுக்கியது. எஞ்சின் காற்றை உறிஞ்சி அழுத்தும் இயந்திரம். காற்றின் வழியே நீர் புகுந்துவிட்டால், காற்றைப் போல் நீர் அமுங்கிக் கொடுக்காது. மேலேறும் பிஸ்டன் நீரில் மோத, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். நண்பருக்கு எஞ்சினையே மாற்றவேண்டி வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி, நீரில் நின்ற வண்டியை முடுக்கியதால் விளைந்த சேதம் சாதாரணப் பாலிசியில் அடங்காது என்று கையை விரித்தது. எஞ்சின் பாதுகாப்பு என்றொரு கூடுதல் ஷரத்து உண்டு. ஆண்டுக்குச் சில ஆயிரம் அதிகம். கல்கத்தாவில் குடியிருப்போர் வண்டியின் வண்ணத்தைத் தேர்வதற்கு முன் அந்த ஷரத்தைக் கேட்டு வாங்கவேண்டும்.

மேக்னைட்டின் 16 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்ந்து ஏறத்தாழ 640 மில்லிமீட்டர் உயரம். சக்கரத்தின் நடு அச்சு 320 மில்லிமீட்டரில் இருக்கிறது. முழங்காலுக்கு நன்கு கீழே என்று கொள்ளலாம். நீர் அந்த அச்சைத் தொடுமாயின் எத்துணை உயர்ந்த வண்டியாயினும் திரும்பிவிடுவதே அறிவு. அதற்குக் கீழாயின் முதல் கியரில், ஒரே சீராக, நிறுத்தாமல் செல்லலாம். எதிரே பெரிய வண்டி வருமாயின் அது கடக்கும்வரை மேட்டில் காத்திருக்கவேண்டும். டண்டனியா காளி கோவில் பக்கமும், உல்டாடாங்கா, பாட்டிபுகூர் சுரங்கப் பாதைகளும் மழைக்கு எப்படி இருக்கும் என்பது பழைய குடிகளுக்குத் தெரியும். புதிதாய் மாற்றலாகி வந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்க.

எஞ்சினைப் பற்றி நம் அபிப்பிராயம் ஒளிவுமறைவற்றது. இரண்டுமே மூன்று சிலிண்டர் எஞ்சின். நின்ற இடத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் ஸ்டியரிங்கிலும் ஆசனத்திலும் தெரியும். ஓடத் தொடங்கியதும் மறையும். சாதாரண எஞ்சினுக்கு 72 குதிரைச்சக்தி. பழைய அம்பாசிடரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைச்சக்தியில் ஓடியதை நினைத்தால் இது தாராளம் எனத் தோன்றும். ஆனால் அம்பாசிடர் ஓட்டியவர் அவசரப்பட்டதில்லை, ஏ.சி.யும் பெரும்பாலும் இருந்ததில்லை. நாம் சாதாரண எஞ்சினை இருவராகச் சென்று ஓட்டியபோது ராஷ்பிஹாரி அவென்யூவில் குறையொன்றும் காணவில்லை. மறுமுறை ஐவராக ஏறி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ‘மா’ மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஏறினோம். மூன்றாம் கியரில் மூச்சு வாங்கிற்று. இரண்டுக்கு இறங்கியபின் சத்தமே அதிகமாயிற்று, வேகம் அதிகமாகவில்லை. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்த விதத்தை இங்கே எழுதவியலாது.

டர்போ எஞ்சின் வேறு ஜாதி. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு விசிறி சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. அதனால் அதே 999 சி.சி. 100 குதிரைச்சக்தியைத் தருகிறது. மைத்துனருடைய வண்டியில் கோலாகாட் வழியாகத் திகா வரை சென்று வந்தோம். தேசிய நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது காலை அழுத்தினால் ஒரு கணம் யோசிக்கும். பிறகு நன்றாக இழுக்கும். அந்த ஒரு கணத்தை அறிந்து ஓட்டவேண்டும். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆடாமல் அசையாமல் சென்றது. நகரத்துள் ஸ்டியரிங் ஒரு விரலால் சுழலும்படி இலேசாக இருக்கிறது; லேக் மார்க்கெட் சந்துகளில் வண்டியைத் திருப்ப அது வரப்பிரசாதம். பெரும்பள்ளங்களை ஸ்பிரிங் விழுங்கிக்கொள்கிறது. சிறு சிறு சொரசொரப்பு மட்டும் உள்ளே கேட்கும். பெட்ரோல் சோதனைக்கூடக் கணக்கில் லிட்டருக்கு 17-க்கும் 20-க்கும் இடையே ஓடும் என்கின்றனர். சோதனைக்கூடத்தில் சியால்தா சந்திப்பு இல்லை என்பதை மறவாமல் கணக்கிடுக.

இடது காலைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் குதிரைச்சக்தியைவிட நம் நகரத்தில் முக்கியமானது அதுவே. ஹௌரா பாலத்தின் வாயிலில் மாலை ஆறு மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்வதற்குள் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்று ஒருநாள் எண்ணத் தொடங்கி, எழுபதில் விட்டுவிட்டோம். கிளட்ச் இல்லாத வண்டி இரு வகையில் கிடைக்கிறது. சாதாரண எஞ்சினில் ஏ.எம்.டி.: வழக்கமான கியர்ப்பெட்டியையே ஓர் இயந்திரக் கை மாற்றித் தருவது, விலை அதிகம் ஏறாது, மாற்றும்போது தலையை ஆட்டுவதுபோல் ஒரு குலுக்கல் உண்டு. டர்போவில் சி.வி.டி.: பல்சக்கரங்களுக்குப் பதிலாகப் பட்டையும் விரிந்து சுருங்கும் உருளைகளும் கொண்டது, குலுக்கலே இல்லை, அவசரமாக மிதித்தால் எஞ்சின் முதலில் கத்தும், வண்டி பின்னர் வரும். நெரிசலில் சி.வி.டி.யைப் போல் சுகமானது வேறில்லை. குடும்பம் மூவர் நால்வராய், ஓட்டம் நகரத்துக்குள்ளேயே என்றால் ஏ.எம்.டி. போதும், கடனை இழுத்து மேலே போகவேண்டுவதில்லை. ஐவராய் அடிக்கடி வெளியூர் செல்வோராயின் சாதாரண எஞ்சினை வாங்கிப் பின் வருந்தவேண்டாம். தனியே அலுவலகம் போய்வருவதற்கு மட்டும் வண்டி என்பாரிடம் நாம் சொல்வது ஒன்றே: 2025 ஆகஸ்டில் ஹௌரா மைதானத்திலிருந்து சால்ட் லேக் வரை மெட்ரோ முழுவதும் இணைந்துவிட்டது, நதிக்கு அடியில் மழையும் நெரிசலும் இல்லை.

திரை, பாட்டுப்பெட்டி, வண்ண விளக்கு முதலியவற்றைக் குறித்து எழுதப் பக்கம் வீண். மேல்வகைகளில் நாற்புறமும் காட்டும் காமிரா உண்டு. வண்டி நிறுத்த இடுக்கான தெருவில் அது உதவும். சாமான் அறை 336 லிட்டர். இரண்டு பெரிய பெட்டிகளும் ஒரு கைப்பையும் அடங்கும். ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டையும் மாவடு ஜாடியும் சேர்ந்தால் அடங்காது. அதற்குக் கைகர் மேல். அதில் 405 லிட்டர்.

நாம் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது பின்வரும் விஷயம். 2024-இல் வந்த புதுப்பிப்பில் எல்லா வகையிலும் ஆறு காற்றுப்பைகள் வைத்துள்ளனர். குளோபல் என்கேப் என்னும் சர்வதேச அமைப்பு 2025-இல் மோதிப் பார்த்துப் பெரியோர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு மூன்றும் தந்தது. இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பெற்றோர் கவனிக்கவேண்டும். நம் வீடுகளில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னாசனத்தில் அமர்வது வழக்கம். தாயின் மடியைவிடப் பத்திரமான இடம் ஏது என்பர். காற்றுப்பை கண் இமைப்பதற்குள் குண்டு வெடிப்பதுபோல் விரியும். பெரியவரின் மார்பைத் தாங்க அமைந்த அந்த விசை, மடியிலிருக்கும் குழந்தையின் தலையில் நேரே படும். காற்றுப்பை விரியாவிட்டாலும், 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த இயலாது. குழந்தைக்குரிய தனி ஆசனத்தைப் பின்னிருக்கையில் பூட்டி, அதிலே பட்டையிட்டு உட்கார்த்துவதே முறை. பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் நல்லது கிடைக்கும். அலாய் சக்கரத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவு. பின்னாசனத்துப் பெரியோரும் பெல்ட் அணியவேண்டும், அது சட்டம். ‘பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறோம்’ என்னும் மாமாக்களையும் அத்தைகளையும் வண்டி நகருமுன் இணங்கவைப்பது ஓட்டுநரின் பொறுப்பு. பட்டை பூட்டினாலொழியச் சாவியைத் திருப்பேன் என்று நம் மைத்துனர் சொல்லும் வழக்கம். முதல் மாதம் அவரைச் சிரித்தவர்கள் இப்பொழுது தாமாகவே பூட்டிக்கொள்கின்றனர்.

உதிரிப்பாகம் பற்றிய அச்சமும் நியாயமானது. மறைமலைநகரில் செய்து 2013-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் இவ்வகையில் முன்னோடி. நம்மவர் பலர் ஆசையோடு வாங்கினர். 2021-இல் அந்தக் கம்பெனி இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரகடத்துத் தொழிற்சாலையிலும் 2025-இல் நிஸ்ஸான் தன் பங்கை ரெனால்டுக்குக் கொடுத்துவிட்டது. மேக்னைட் அங்கேயே தொடர்ந்து உருவாகிறது என்பது ஆறுதல். பணம் கட்டுமுன் பழுது பார்க்கும் நிலையம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், கண்ணாடியோ பம்பரோ உடைந்தால் எத்தனை நாளில் வரும் என்பவற்றை விற்பனையாளரிடம் அன்றி, அங்கே வண்டி விட்டுக் காத்திருப்போரிடம் கேட்டறிக.

கடைசியாக, வீட்டில் கராஜ் உடையோருக்கு ஓர் எச்சரிக்கை. தெற்குக் கல்கத்தாவின் பழைய வீடுகளில் கராஜ் கதவு அம்பாசிடரை மனத்தில் வைத்தே கட்டப்பெற்றது. உத்தரபாராவில், இந்த்மோட்டார் ரயில் நிலையத்தை ஒட்டிய தொழிற்சாலையில், 2014 மே மாதம் வரை பிறந்த அந்த வண்டி 4.3 மீட்டர் நீளம். அகலமோ 1,700 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேக்னைட் நீளத்தில் ஏறத்தாழ ஓர் அடி இளைத்தது. அகலத்திலோ 1,758 மில்லிமீட்டர், பக்கக் கண்ணாடிகள் வேறு. ஆகவே, உள்ளே ஆழம் மிச்சமிருக்கும்; வாயிலில் இடம் போதாமற் போகலாம். முன்பணம் கட்டுவதற்கு முந்தின மாலை டேப் ஒன்றை எடுத்துக் கதவின் இரு நிலைகளுக்கும் நடுவே அளந்து பார்த்துவிடுக. வண்டியை உள்ளே விட்டபின் ஓட்டுநர் கதவைத் திறந்து வெளியே வரவும் ஓர் ஆள் அகலம் வேண்டும்.